நாடக ஆசிரியராவதற்கு எந்த வழி: கல்வியியற் கல்லூரியா, பல்கலைக்கழகமா?

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் நேரசூசியில் இடம்பெறும் ஒரு பாடம். தரம் 6இலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு அழகியற் பாடங்களுள் ஒன்றாக மாணவர் இதனைத் தெரிவு செய்யலாம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் இதற்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு, செய்முறைப் பரீட்சையும் உண்டு. பாடம் என்று ஆனபின், அதைக் கற்பிப்பவரும் அதற்கென்று நியமனம் பெற்றவராக இருக்க வேண்டும். ஆசிரியர் உரிமம் என்று தனியாக ஒரு பத்திரம் வழங்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. இலங்கை ஆசிரியர் சேவைக்குள் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் நியமனக் கடிதமும், அதில் எழுதப்பட்டிருக்கும் நியமனப் பாடமும்தான் அந்த உரிமம்.

என்னிடம் உயர்தரத்துக்கு நாடகம் கற்ற மாணவி ஒருத்தி பெறுபேறு வந்த கையோடு வீட்டுக்கு வந்தாள். நாடக ஆசிரியை ஆவதென்று அவள் முடிவு செய்திருந்தாள். எந்த வழியில் போவது என்பதுதான் அவளுடைய கேள்வி. தேசிய கல்வியியற் கல்லூரியில் சேர்ந்து கற்பித்தலில் தேசிய டிப்ளோமா பெறலாம். அல்லது பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் பட்டம் பெற்று, பட்டதாரி ஆசிரியராக நியமனம் பெற்று, பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிக்கலாம். அவளுக்கு அன்று ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை, அதே கேள்வியோடு இருக்கும் ஏனையோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான் பட்டப்படிப்பு வழியே வந்தவள். அந்த வழியின் நன்மையை உடம்பால் அறிந்திருப்பது போலவே அதன் குறையையும் அறிந்திருக்கிறேன்.

முதலில் கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரிகளில் கற்கைநெறி மூன்று ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறுபயில்வு, அதாவது மேற்பார்வையின் கீழ் கற்பித்துப் பழகுதல். கல்வி உளவியல், கற்பித்தல் முறையியல், கணிப்பீடு, வழிகாட்டல் போன்ற தொழில்சார் பாடங்களும், எல்லோருக்கும் பொதுவான பாடங்களும், சிறப்புப் பாடமாகிய நாடகமும் ஒரே நேரசூசியில் இடம் பங்கிட்டுக் கொள்கின்றன. உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியும் நேர்முகத் தேர்வும் தெரிவைத் தீர்மானிக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடநெறிக்கு எத்தனை பேர் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாடகநெறிக்குத் தமிழ்மொழி மூலம் இடம் இருக்கிறதா என்பதை அந்தந்த ஆண்டு வர்த்தமானி அறிவித்தலில் பார்த்துத்தான் சொல்ல முடியும். சென்ற ஆண்டு அக்காவுக்குக் கிடைத்தது என்பதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

பட்டப்படிப்பு வழியில் இரண்டு இடங்கள் தமிழ் மாணவர் மனத்தில் உடனே தோன்றும். ஒன்று மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இந்நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் நான்காண்டு நுண்கலைப் பட்டப்படிப்பாக உள்ளது. இசட் புள்ளியோடு செய்முறைத் தகுதிகாண் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். மற்றது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அங்கும் நாடகம் பட்டப்படிப்புக்குரிய பாடமாக நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. இவ்வழியில் நான்கு ஆண்டுகளும் கவனம் அரங்கின் மேலேயே இருக்கும். வகுப்பறையில் நின்று கற்பிப்பது எப்படி என்பது பெரும்பாலும் நியமனத்துக்குப் பின்னர், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவில்தான் முறையாக வரும். அந்த டிப்ளோமாவை தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. வேலை செய்துகொண்டே வார இறுதிகளில் படிப்பவர்களே அதிகம்.

ஆண்டுக் கணக்கையும் சான்றிதழின் பெயரையும் மட்டும் பார்த்தால் வேறுபாடு சிறிதாகத் தோன்றும். உண்மையான வேறுபாடு, எந்தக் குறையோடு நீங்கள் முதல் நாள் பாடசாலைக்குள் நுழைகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

என் முதல் நாளைச் சொல்கிறேன். தரம் 7, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நூலகத்துக்குப் பக்கத்து அறை. பல்கலைக்கழகத்தில் நான் பயிற்சி பெற்றது வெறுந்தரை மண்டபத்தில், பன்னிரண்டு பேரோடு. அந்தப் பன்னிரண்டு பேரும் நாடகத்தை விரும்பி வந்தவர்கள். அதே நினைவில், "மேசை கதிரைகளை ஓரமாக்கிப் போட்டு வெளியை நிரப்பி நடவுங்கோ" என்றேன். மேசைகள் இழுபட்ட ஓசையில் அடுத்த வகுப்பில் கணிதம் நின்றுபோயிற்று. வெளியை நிரப்பி நடப்பது என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நடப்பது ஓடுவதாயிற்று, ஓடுவது இடிபடுவதாயிற்று. நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபத்தைந்து நிமிடம் அறையைக் கலைக்கவும் மீண்டும் அடுக்கவும் போய்விட்டது. மணி அடித்தபோது ஒரு பிள்ளை, "ரீச்சர், நாளைக்கும் இப்பிடி விளையாடுவமோ?" என்று ஆவலோடு கேட்டது. கிரேக்க அரங்கின் கோரஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய எனக்கு, நாற்பது நிமிடத்தைப் பகுத்து நடத்தத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு ஆண்டு பிடித்தது. அந்த ஆண்டின் பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

சில ஆண்டுகளின் பின் கட்டுறுபயில்வுக்கு எங்கள் பாடசாலைக்கு ஒரு ஆசிரிய மாணவி வந்தார். அவருடைய முதலாவது செய்முறைப் பாடம் இடைவேளைக்கு அடுத்த பாடவேளையில் இருந்தது. இடைவேளையில் அவர் தேநீருக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது, மண்டபத் தரையில் குந்தியிருந்து வெண்கட்டியால் சிறு சிறு வட்டங்கள் வரைந்துகொண்டிருந்தார். முப்பத்தாறு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இலக்கம். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு வட்டத்துக்குள் நின்றார்கள். ஒரு கைதட்டுக்கு அசைவு, இரு கைதட்டுக்கு உறைநிலை. சத்தம் போடாமலே பாடம் நடந்தது. பாடக்குறிப்பில் எந்த நிமிடத்தில் எது என்று எழுதியிருந்தார். பெரும்பாலும் அப்படியே நடந்தது. பிழைத்த இடத்தில், பின்னால் இருந்து பார்த்த நான் சொல்லிக் கொடுக்க முடிந்தது. ஒரு ஆண்டு முழுவதும் இன்னொருவருடைய கண்ணின் கீழ் கற்பிக்கும் வாய்ப்பு பட்டதாரி வழியில் வருபவருக்கு இல்லை. எங்களுக்குக் கிடைப்பது நியமனக் கடிதமும் நேரசூசியும்தான். பாடசாலையில் வேறு நாடக ஆசிரியர் இருப்பதும் அரிது.

ஆனால் அதே ஆசிரிய மாணவி உயர்தர வகுப்புக்குள் வந்தபோது நிலைமை மாறியது. கூத்தின் இரு மரபுகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை அவர் பிழையின்றிச் சொன்னார், பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, பாத்திரம் அரங்குக்குள் நுழையும்போது ஆடும் வரவு ஆட்டத்தை ஒருமுறை ஆடிக் காட்டும்படி கேட்டான். அவரால் முடியவில்லை. அது அவருடைய குற்றம் அன்று. கூத்தின் தாளக்கட்டு காலில் ஏறுவதற்கு மத்தளத்துக்கும் சல்லரிக்கும் முன்னால் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். தொழில்சார் பாடங்களோடு இடம் பங்கிட்டுக்கொண்ட இரண்டு ஆண்டில் அத்தனை மாதங்கள் கிடைப்பதில்லை. குரற்பயிற்சி, ஒளியமைப்பு, ஒப்பனை, நெறியாள்கை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். உயர்தரப் பாடத்திட்டம் கிரேக்க அரங்கிலிருந்து ஈழத்து அரங்க வரலாறு வரை விரிந்து கிடக்கிறது. செய்முறைக்கு மாணவரைத் தயார் செய்பவர் தாமே செய்து பழகியவராக இல்லாவிட்டால், குறிப்பைப் பாடமாக்குவது தவிர மாணவருக்கு வேறு வழி இல்லை.

இரண்டு குறைகளில் எதைப் பின்னர் தாமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று கேட்டால், என் பதில் ஒரு நிபந்தனையோடுதான் வரும். வகுப்பை நடத்தும் திறன் எல்லோருக்கும் காலப்போக்கில் ஓரளவு வரும். ஏனென்றால் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் போயே ஆக வேண்டும். அரங்கப் பயிற்சியோ தேடிப் போனால்தான் வரும். ஊரில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் இருந்து, சனி ஞாயிறுகளில் அவர் வீட்டு முற்றத்துக்குப் போக மனம் இருந்தால், டிப்ளோமா பெற்றவர் கூத்தை முறையாகவே கற்றுக்கொள்ளலாம். எங்கள் ஆசிரிய மாணவி பிறகு அப்படித்தான் செய்தார். யாழ்ப்பாணத்தில் 1965 முதல் இயங்கும் திருமறைக் கலாமன்றம் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து மேடை அனுபவம் பெறலாம். ஆனால் நியமனம் கிடைத்து, திருமணம் ஆகி, பிள்ளைகளும் வந்தபின் அந்தத் தேடல் நின்றுவிடுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். நீங்கள் தேடிப் போகும் இயல்புடையவரா என்பதை உங்களிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் நவீன அரங்கின் வரலாறும் ஒன்று சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் அடிப்படையில் ஒரு பாடசாலை ஆசிரியர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமாவை அவர் பயின்றது ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகே. கிழக்கில் கூத்தைப் பல்கலைக்கழக மட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையான சி. மௌனகுரு, பேராதனையில் மாணவராக இருந்தபோதே பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கூத்துத் தயாரிப்புகளில் ஆடியவர். ஒருவர் ஆசிரியத்திலிருந்து அரங்குக்கும், மற்றவர் அரங்கிலிருந்து ஆசிரியத்துக்குமாக எதிரெதிர்த் திசைகளில் வந்திருக்கிறார்கள். இருவரும் பாடசாலைப் பிள்ளைகளுக்கான அரங்குக்கு அளித்தது பெரிது. ஆகவே எந்த வழியில் வந்தாலும் நல்ல நாடக ஆசிரியர் ஆக முடியும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இருவருமே முதலில் கிடைத்ததோடு நின்றுவிடவில்லை.

இனி வீட்டு நிலைமை. இதை ஒதுக்கிவிட்டுப் பேசும் ஆலோசனை எங்கள் பிள்ளைகளுக்கு உதவாது. கல்வியியற் கல்லூரியில் விடுதியும் சிறு உதவித்தொகையும் உண்டு. பாடநெறி முடிந்ததும் அந்த அணியினருக்கு ஆசிரியர் நியமனம் வழங்குவதே நடைமுறை. சேர்த்துக்கொள்வதிலும் நியமனத்திலும் தாமதங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் இறுதியில் வேலை உண்டு என்ற நம்பிக்கை அந்த வழியில் இருக்கிறது. பட்டதாரியின் நிலை அப்படியன்று. மாகாண சபை வெற்றிடங்களை அறிவித்து, போட்டிப் பரீட்சையும் நேர்முகத் தேர்வும் நடத்தும்போதுதான் வாய்ப்பு. நாடகத்துக்கு அறிவிக்கப்படும் வெற்றிடங்கள் தமிழ், கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றோடு ஒப்பிட எப்போதும் குறைவு. வேலையற்ற பட்டதாரிகள் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரப் பந்தல்களில் மாதக்கணக்கில் இருந்ததை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2020இல் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்ட பட்டதாரிகளுள் பலர் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகிப் பாடசாலைகளில் இணைக்கப்பட்டார்கள். கற்பிக்கிறார்கள், ஆனால் ஆசிரியர் சேவைக்குள் இல்லை. நாடகப் பட்டதாரிகளும் அவர்களுள் உண்டு. நியமனப் பாடம் என்பது எவ்வளவு பெறுமதியானது என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே, தகப்பன் இல்லாத வீட்டின் மூத்த பிள்ளை, அல்லது தம்பி தங்கையின் படிப்பைப் பொறுப்பேற்க வேண்டியவர் என்னிடம் வந்தால், கல்வியியற் கல்லூரிக்குப் போகும்படி தயங்காமல் சொல்வேன். பட்டம் பிறகும் பெறலாம். நியமனம் கிடைத்தபின் தேசிய கல்வி நிறுவகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ கல்விமாணிப் (B.Ed.) பட்டம் பயின்று, ஆசிரியர் சேவையில் முன்னேறியவர்கள் ஏராளம். அதற்குப் பல ஆண்டு வார இறுதிகள் போகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

நான்கு ஆண்டு படிப்பையும் அதன் பின்னர் வரக்கூடிய ஓரிரு ஆண்டு காத்திருப்பையும் தாங்கக்கூடிய வீடாக இருந்து, உயர்தர வகுப்புக்குக் கற்பிப்பதே விருப்பமாகவும் இருந்தால், பல்கலைக்கழகத்தைத்தான் நான் தெரிவு செய்வேன். பதவி உயர்வில் பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் சேர்ந்த தகைமைக்கு, ஆசிரியர் சேவையின் விதிகளைக் கூறும் சேவைப் பிரமாணக் குறிப்பு தரும் இடம் ஒரு காரணம். பின்னாளில் ஆசிரியர்களைப் பயிற்றுவோருக்கான ஆசிரியர் கல்வியியலாளர் சேவைக்கோ, முதுமாணிப் பட்டத்துக்கோ போகும் கதவு திறந்திருப்பது இன்னொன்று. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பத்தொன்பது வயதில், வேறெந்தப் பொறுப்பும் இல்லாமல், நாள் முழுவதும் உடம்பையும் குரலையும் பழக்கும் நான்கு ஆண்டுகள் வாழ்க்கையில் மறுபடி வருவதில்லை. கல்லடியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு தயாரிப்புக்காக இரவு பத்து மணி வரை ஒத்திகை பார்த்து, பிசுக்கோத்துத் தகரத்தில் மின்குமிழ் பூட்டி விளக்குச் செய்து, அடுத்த நாள் அரிதாரம் கலையாமலே பஸ் ஏறியவர், பிறகு எந்தப் பின்தங்கிய பாடசாலையில் எந்த வசதியும் இல்லாமல் விட்டாலும் ஒரு நாடகத்தை மேடையேற்றிவிடுவார்.

பட்டதாரி வழியில் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: பல்கலைக்கழகக் காலத்திலேயே ஒரு பாடசாலையைத் தேடிப் பிடியுங்கள். தமிழ்த் தினப் போட்டிக் காலத்தில் நாடகம் பழக்க ஆள் தேடாத பாடசாலை இல்லை. ஐந்து நிமிட நாடகத்துக்குப் பதினைந்து பிள்ளைகளைப் பழக்கிப் பாருங்கள். பழைய ஆசிரியர் ஒருவரிடம் பாடக்குறிப்பு எழுதும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் என் முதல் ஆண்டுப் பிள்ளைகள் இவ்வளவு மேசை இழுத்திருக்க மாட்டார்கள்.

வேறு இரண்டு வழிகளையும் சிலர் கேட்பதுண்டு. ஒன்று, தமிழ் அல்லது வேறொரு பாடத்துக்கு நியமனம் பெற்று, பாடசாலைக்குள் போனபின் நாடகத்துக்கு மாறிக்கொள்வது. ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் தமிழாசிரியரே நாடகமும் கற்பிப்பது சாதாரணம். அவர்களுள் மிகச் சிறந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நியமனப் பாடம் தமிழாக இருக்கும்வரை, அதிபர் மாறினால் நேரசூசி மாறும். இடமாற்றம் வந்தால் புதிய பாடசாலை உங்களைத் தமிழுக்குத்தான் கேட்கும். நாடகமே வாழ்க்கை என்று எண்ணுபவர் இதை முதல் தெரிவாகக் கொள்ளக் கூடாது. மற்றது, கொழும்பின் சர்வதேசப் பாடசாலைகளில் பேச்சும் நாடகமும் கற்பிப்பது. அது பெரும்பாலும் ஆங்கிலமொழி மூலமானது. ஆசிரியர் சேவைக்கு வெளியே உள்ள வேலை. சம்பளமும் நிபந்தனையும் அந்தந்தப் பாடசாலையின் விருப்பம். நம் பாடத்திட்டத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

எந்த வழியில் வந்தாலும் முதல் நியமனம் கஷ்டப் பிரதேசத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். வன்னியின் உட்கிராமமோ மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையோ ஆகலாம். பெற்றோர் இதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். நான் இதைக் குறையாகக் கருதவில்லை. படுவான்கரையில் கூத்து இன்னும் களரி எனும் திறந்தவெளி அரங்கில் ஆடப்படும் கிராமங்கள் உண்டு. அங்கே போகும் நாடக ஆசிரியருக்கு வகுப்பிலிருக்கும் பிள்ளைகளே சில வேளை ஆட்டம் சொல்லிக் கொடுப்பார்கள்.

விண்ணப்பிப்பது பற்றிக் கடைசியாகச் சில சொற்கள். பல்கலைக்கழக அனுமதியும் கல்வியியற் கல்லூரி அனுமதியும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அறிவித்தலின் படி நடப்பவை. இரண்டும் முழுநேரக் கற்கை என்பதால் ஒரே வேளையில் இரண்டிலும் இருக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கலாம். செய்முறைத் தகுதிகாண் பரீட்சைக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல், நல்ல இசட் புள்ளி இருந்தும் ஓர் ஆண்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கல்வியியற் கல்லூரிக்கு வயதெல்லை உண்டு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் உயர்தரம் எழுதுவோம் என்று இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு வழமையான மேலெல்லை 35 வயது.

என்னிடம் வந்த மாணவி இரண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். தாய் கல்வியியற் கல்லூரியை விரும்புகிறார். அவள் மனம் கல்லடியில் இருக்கிறது. தகுதிகாண் பரீட்சைக்கு ஐந்து நிமிடத் தனிநடிப்பு ஒன்றைத் தானே எழுதிப் பழகுகிறாள். சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு நான் போய் மண்டபத்தைத் திறந்து கொடுக்கிறேன்.